மொன்சாப் பூங்காவின் பந்தயப் பாதை



வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் ஐரோப்பாவுக்குச் சென்றால் எவற்றைப் பார்த்து மீள்வான்? பழைய கோட்டைகளையும், தேவாலயங்களையும், நூதனசாலைகளையும் பார்த்து மீள்வான் என்றே எவரும் எண்ணுவர். என் சக ஆசிரியர்களும் அவ்வாறே எண்ணினர். ஆனால், 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் நான் மூன்று நாட்களைச் செலவிட்ட இடம் ஒரு மோட்டார்ப் பந்தயப் பாதை. இத்தாலி நாட்டின் வடபகுதியிலே, மிலான் நகருக்குச் சற்று வடக்கே, மொன்சா என்னும் சிறு நகரத்தை அடுத்துள்ள பெரும் பூங்கா ஒன்றினுள் அது அமைந்திருக்கின்றது. உலகில் இன்றும் பந்தயம் நடைபெறுகின்ற மிகப் பழைய பாதைகளுள் அதுவும் ஒன்று. 1922ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அது நூறாண்டைக் கடந்துவிட்டது.

உண்மையைச் சொல்வதாயின், நான் அங்கே விரும்பிச் சென்றவனல்லன். என் தமக்கையின் மகன் சுவிற்சர்லாந்தின் தென்கோடியில், லுகானோ நகரிலே குடும்பத்தோடு வாழ்கின்றான். அவனிடம் விருந்தினனாகச் சென்றிருந்தேன். "மாமா, நீங்கள் வருவீர்கள் என்று உங்களுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டேன்" என்று அவன் சொன்னபோது என் முகம் கறுத்தது. அதற்குக் காரணம் உண்டு.

நான் அதிபராகவிருக்கும் பாடசாலைக்கு ஒரு கட்டை தூரத்திலே வீதி நேராகச் சென்று திடீரென வளைகின்றது. வளைவிலே ஒரு மதகு. மதகின் ஒரு பக்கச் சுவர் இடிந்து நெடுங்காலமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதில், எங்கள் மாணவர் இருவர் ஒரே மோட்டார்ச் சைக்கிளில் விரைந்துவந்து அந்த வளைவிலே வீழ்ந்து மாண்டனர். இருவருக்கும் நானே வரலாறு கற்பித்தேன். மரண வீட்டிலே கூடியிருந்தோர் யாவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "விதி". நானும் அதையே சொல்லி அந்தத் தாய்மாரைத் தேற்றினேன். அன்று தொட்டு, வேகத்தை ஒரு விளையாட்டாகக் கொண்டாடுவோரைக் கண்டால் எனக்கு மனம் கசந்துவிடும். ஆயினும், மருமகனின் அன்பைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் லுகானோவிலிருந்து புகையிரதத்தில் புறப்பட்டோம். எல்லைப்புற ஊராகிய கியாசோவைக் கடந்து, கோமோ நகர் வழியாக வண்டி மொன்சாவை நோக்கிச் சென்றது. செல்லும் வழியில் மருமகன் ஒரு செய்தி சொன்னான். நாம் புறப்பட்டுவந்த சுவிற்சர்லாந்திலே மோட்டார்ச் சுற்றோட்டப் பந்தயங்கள் பல பத்தாண்டுகளாகச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன என்பதே அச்செய்தி.

காரணம் இதுதான். 1955ஆம் ஆண்டு யூன் 11ஆம் தேதி பிரான்சிலே, லெ மான் என்னும் இடத்தில் நடைபெற்ற இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தின்போது கார் ஒன்று பாதையை விட்டெழுந்து பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றிலே அதனிலும் கொடிய நாள் வேறில்லை. அதற்கு முந்திய ஆண்டு வரை பேர்ண் நகருக்கு அருகே பிரெம்கார்ட்டன் காட்டுப் பாதையிலே சுவிற்சர்லாந்து தன் பெரும் பந்தயத்தை நடத்திவந்தது. லெ மான் துயரத்தின் பின்னர் அது அறவே நிறுத்தப்பட்டது. 2018இல் சூரிச் நகர வீதிகளில் மின்சாரக் கார்களின் பந்தயம் ஒன்று நடந்தபோது, அதுவும் விதிவிலக்காகவே அனுமதிக்கப்பட்டது.

எல்லையின் அப்பால் ஒரு நாடு 'வேண்டாம்' என்று கதவை அடைத்துவிட்டது. இப்பால் ஒரு நாடு பந்தயத்தைத் தொடர்ந்து நடத்திவந்தது. நடத்தியவர்கள் தங்கள் மரணங்களை என்ன செய்தார்கள்? புகையிரதத்திலிருந்து இறங்கும்போது என் மனத்தில் எழுந்த வினா இதுவே. அடுத்துவந்த மூன்று நாட்களும் அவ்வினாவுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தன.

மொன்சா புகையிரத நிலையத்தில் இறங்கியதும் எம்மைச் சூழ்ந்தது ஒரு செந்நிறக் கடல். பெராரிக் கார்களின் நிறம் சிவப்பு. அந்நிறச் சட்டையும் தொப்பியும் கொடியும் தாங்கிய முதியோர், இளைஞர், கைக்குழந்தையை ஏந்திய தாய்மார் என்று பல்லாயிரம் பேர் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தனர். நல்லூர்த் தேருக்குச் செல்லும் அடியார் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நாமும் பூங்காவின் வாயிலை அடைந்தோம்.

இந்தப் பூங்காவின் கதையே தனிக்கதை. ஒஸ்திரிய ஆட்சிக் காலத்தில், 1777ஆம் ஆண்டு தொடங்கி, இளவரசர் பேர்டினந்துக்கென இங்கே ஓர் அரண்மனை எழுப்பப்பட்டது. பின்னர் நெப்போலியன் காலத்தில், அவனுடைய மனைவியின் மகனும் இத்தாலியின் அரசப் பிரதிநிதியுமான யூஜின் பொகார்னேயின் விருப்பப்படி, 1805ஆம் ஆண்டில் அரண்மனையைச் சார்ந்து இப்பெரும் பூங்கா உருவாயிற்று. ஏறத்தாழ எழுநூறு ஹெக்டேயர் பரப்பைச் சுற்றி மதில் எழுப்பினர். ஒன்றுபட்ட இத்தாலியின் மன்னர் முதலாம் உம்பெர்த்தோ இந்த அரண்மனையை மிக விரும்பினார். அவர் 1900ஆம் ஆண்டு யூலை 29ஆம் தேதி இதே மொன்சா நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பின்னர் அரச குடும்பத்தார் இவ்விடத்தை வெறுத்து ஒதுங்கினர். முதலாம் உலகப் போரின் பின் பூங்கா அரசுக்கு வழங்கப்பட்டது. மன்னர் துறந்துசென்ற சோலைக்குள்ளேதான் மோட்டார் புகுந்தது.

மிலான் நகர மோட்டார்க் கழகம் 1897இல் தோன்றியது. அதன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1922 சனவரியிலே, நிலையான பந்தயப் பாதை ஒன்றை அமைப்பதென முடிவாயிற்று. அக்காலத்தில் இங்கிலாந்தின் புறூக்லாண்ட்சும் அமெரிக்காவின் இந்தியானாப்பொலிசுமே அத்தகைய பாதைகளாகப் புகழ்பெற்றிருந்தன. பெப்ரவரி இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனேயே தடையும் வந்தது. பூங்காவின் எழிலும் மரங்களும் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழவே, வேலை நிறுத்தப்பட்டது. திட்டத்தைச் சுருக்கிய பின்னரே அனுமதி கிடைத்தது. மே மாத நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. மூவாயிரத்து ஐந்நூறு தொழிலாளர் உழைத்தனர். மண்ணும் கல்லும் சுமக்கப் பூங்காவினுள்ளே சிறு புகையிரதப் பாதையொன்றும் போடப்பட்டது. 110 நாட்களில் பத்துக் கிலோமீற்றர் நீளமான பாதை ஆயத்தமாயிற்று. செப்டெம்பர் 3ஆம் தேதி திறப்புவிழா நடைபெற்றது. ஒரு வாரத்தின் பின் நடந்த இத்தாலியப் பெரும் பந்தயத்தில், பியற் கார் ஓட்டிய பியெத்ரோ பொர்டினோ 800 கிலோமீற்றரை மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர் என்னும் சராசரி வேகத்தில் ஓடி வென்றார். ஐந்தரை மணி நேரத்துக்கு மேலாக அவர் அன்று ஓட்டவேண்டியிருந்தது.

பந்தய வாரத்தின் ஒழுங்கைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை தகுதிகாண் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். தகுதிகாண் ஓட்டத்தில் யார் ஒரு சுற்றை மிக விரைவாக ஓடுகின்றாரோ அவரே ஞாயிறன்று முன்னணியில் நின்று புறப்படுவார். இன்றைய பாதையின் நீளம் 5.793 கிலோமீற்றர். ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் ஒரு நிமிடமும் இருபது செக்கனுமளவே. நேர்ப்பகுதியில் கார்கள் மணிக்கு 340 கிலோமீற்றரைத் தாண்டுகின்றன. வேலியோரம் நின்ற எனக்கு, முதல் கார் கடந்தபோது அதன் உருவம் கண்ணுக்குப் படவில்லை. ஓர் ஒலி வந்தது. ஒரு நிறம் சென்றது. நெஞ்சிலே ஓர் அதிர்வு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை மாலை, பயிற்சி முடிந்ததும், மருமகன் என்னை மரங்களுக்குள்ளே அழைத்துச்சென்றான். அங்கே நான் கண்ட காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. காட்டின் நடுவே, கொங்கிறீற்றுத் தூண்களின்மேல், பெரிய கிண்ணமொன்றின் உட்புறம் போலச் சரிந்து உயர்ந்து வளைந்துசெல்லும் ஒரு பாதை. இடையிடையே வெடிப்புகள், விளிம்பிலே துருவேறிய இரும்புத் தடுப்பு, பிளவுகளில் புல். மேல்விளிம்பை நோக்கி ஏற முயன்றேன். பாதிக்குமேல் நிமிர்ந்து நடக்க இயலவில்லை, கைகளை ஊன்றவேண்டியிருந்தது. அதன் மேற்பகுதியின் சாய்வு நூற்றுக்கு எண்பது வீதம் என்றால் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1955ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட அதிவேகச் சரிவுப் பாதை அதுவே. இன்று அதிலே பந்தயம் இல்லை. பார்வையாளர் அதன்மேல் அமர்ந்து ரொட்டி தின்கின்றனர். சிறுவர் சறுக்கி விளையாடுகின்றனர். புதிய பாதை அதன் கீழாகப் புகுந்து செல்கின்றது. அந்தச் சரிவில் உட்கார்ந்துதான் இந்த இடத்தின் மரணக் கணக்கை மருமகன் எனக்குச் சொல்லத் தொடங்கினான். ஊர் திரும்பிய பின்னர் நூல்களிலும் அதனைச் சரிபார்த்துக்கொண்டேன்.

1928ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் தேதி எமிலியோ மத்தெராசி என்பவரின் கார் மற்றொரு காரோடு மோதி, நேர்ப்பாதை ஓரத்துக் கூட்டத்துள் பாய்ந்தது. அவரும் இருபதுக்கும் மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியப் பெரும் பந்தயம் நடைபெறவில்லை. 1933ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் தேதி, ஒரே நாளிலே, ஒரே வளைவிலே மூவர் மாண்டனர். கம்பாரியும் பொர்சாக்கினியும் ஓர் ஓட்டத்தில் மடிந்தனர். அப்படியிருந்தும் அன்றைய இறுதி ஓட்டம் நடத்தப்பட்டது. அதிலே சைக்கொவ்ஸ்கி மடிந்தார். மறு ஆண்டு, வேகத்தைக் குறைக்கும் இடையூறுகள் அமைத்த குறுகிய பாதையிலே பந்தயம் நடைபெற்றது. ஒரு தவறு தவறென்று உணரப்படுவதற்கு ஒரே நாளில் மூன்று உயிர்கள் தேவைப்பட்டன.

இனி, அஸ்காரி குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். அந்தோனியோ அஸ்காரி 1924இல் மொன்சாவிலே பெரும் பந்தயத்தை வென்றவர். அடுத்த ஆண்டு யூலை 26ஆம் தேதி பிரான்சிலே பந்தயத்தின்போது தமது முப்பத்தாறாவது வயதில் இறந்தார். அப்பொழுது அவருடைய மகன் அல்பெர்த்தோ ஏழு வயதுச் சிறுவன். அச்சிறுவனே வளர்ந்து 1952, 1953ஆம் ஆண்டுகளில் உலக வெற்றிவீரனாக விளங்கினான். 1955 மே 22ஆம் தேதி மொனாக்கோவிலே நடந்த பந்தயத்தில் அவரது கார் கடலுக்குள் வீழ்ந்தது, உயிர் தப்பினார். நான்கு நாள் கழித்து, மே 26ஆம் தேதி, நண்பர் ஒருவர் புதிய காரைச் சோதித்துப் பார்ப்பதைக் காண மொன்சாவுக்கு வந்தார். சில சுற்றுகள் தாமும் ஓட்டிப்பார்க்க விரும்பினார். சகுனங்களில் பெருநம்பிக்கை உடையவர். தமது நீலத் தலைக்கவசமின்றி ஒருபோதும் ஓட்டாதவர். அன்று நண்பரின் தலைக்கவசத்தை இரவல் வாங்கி அணிந்தார். மூன்றாவது சுற்றில், வியலோனே என்னும் வளைவிலே கார் புரண்டு மாண்டார். தந்தையைப் போலவே அவருக்கும் வயது முப்பத்தாறு, தேதியும் இருபத்தாறு.

இதைக் கேட்டதும், நேயர்களே, என் வாயில் வந்த சொல் எது என்று நினைக்கின்றீர்கள்? "விதி" என்றே சொன்னேன். மருமகன் உடனே மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலையில் என்னை அந்த வளைவுக்கே அழைத்துச்சென்றான். "மாமா, முன்னர் இந்த வளைவிலே வேகம் குறையாமல் வருவார்கள். 1972இலே, வேகத்தைக் குறைக்காமல் கடக்க முடியாதபடி, இடமும் வலமுமாக நெளியவிட்டுப் பாதையை மாற்றிவிட்டார்கள். வளைவுக்கு அஸ்காரியின் பெயரையும் வைத்திருக்கிறார்கள்" என்றான். நான் வாயடைத்து நின்றேன். அவர் ஏன் புரண்டார் என்பது இன்றுவரை துணியப்படவில்லை. ஆனால் விதியின் பெயரால் அந்த வளைவை அப்படியே விட்டுவிட அவர்களால் முடியவில்லை.

மரியாதைக்குரிய கதையாக மட்டும் இதனை நான் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் உடனுக்குடன் திருந்தியவர்களுமல்லர். அஸ்காரி இறந்த அதே 1955இலேயே இந்தச் சரிவுப் பாதையையும் கட்டித் திறந்தனர். அதன் கரடுமுரடு கார்களை உடைக்கும் என்று அஞ்சி, 1960இல் முக்கியமான பிரித்தானியக் குழுக்கள் பந்தயத்தையே புறக்கணித்தன. மறு ஆண்டும் அதே பாதையே பயன்படுத்தப்பட்டது. 1961 செப்டெம்பர் 10ஆம் தேதி, உலக வெற்றிப் பட்டத்துக்கு மிக அண்மையில் நின்ற ஜேர்மானியராகிய வொன் ட்ரிப்சின் கார், பரபோலிக்கா வளைவை அணுகும்போது ஜிம் கிளார்க்கின் காரோடு உரசி, கரையேறிக் கம்பி வேலியோரம் நின்றவர்களை வாரிக்கொண்டு வீழ்ந்தது. ஓட்டுநரோடு பதினைந்து பேரளவில் பார்வையாளர் மாண்டனர். அந்த விபத்து சரிவுப் பாதையில் நிகழ்ந்ததன்று. எனினும் பந்தயம் நிறுத்தப்படவில்லை. இறுதிவரை ஓடினர், ஒருவர் வென்றார், அவரே உலக வெற்றிவீரருமானார். கூட்டம் கலைந்தால் அம்புலன்ஸ் வண்டிகளுக்கு வழி தடைப்படும் என்று காரணம் சொல்லப்பட்டது. 1963இல் சரிவுப் பாதையோடு மீண்டும் பந்தயம் நடத்த முயன்றபோது, ஓட்டுநர் பயிற்சியிலேயே குறை கூறவே, அந்த எண்ணம் கைவிடப்பட்டது. பெரும் பந்தயம் அதன்பின் அந்தச் சரிவை ஏறவேயில்லை.

அங்கிருந்து கணக்கு மெல்ல மாறத் தொடங்குகின்றது. 1970 செப்டெம்பர் 5ஆம் தேதி யொக்கன் ரிண்ட் என்னும் ஒஸ்திரிய வீரர் பயிற்சியின்போது பரபோலிக்காவை அணுகுகையில் மாண்டார். ஆசனப்பட்டியின் ஒரு பகுதியை, கால்களுக்கிடையே பூட்டவேண்டிய பட்டியை, அவர் பூட்டுவதில்லை. தீப்பிடித்தால் விரைந்து வெளியேறலாம் என்பது அவர் கருத்து. மோதலில் உடல் கீழ்நோக்கி வழுகியது. மேற்பட்டியே உயிரைக் கவர்ந்தது. அவ்வாண்டு உலகப் பட்டத்தை மாண்ட பின்னர் பெற்றவர் அவர். வேறெவரும் அவ்வாறு பெற்றதில்லை. 1971இல் பீற்றர் கெத்தின் என்பவர் ஒரு செக்கனின் நூற்றில் ஒரு பங்கு முந்தி வென்றார். முதல் ஐந்து கார்களும் ஒரு செக்கனுக்குள்ளே கோட்டைக் கடந்தன. அப்பெரும் வேகத்தின் மறு ஆண்டிலேதான் நெளிவளைவுகள் வந்தன.

1973 மே 20ஆம் தேதி நடந்த மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தில் சாரினென், பசோலினி என்ற இரு பெருவீரர் முதற் சுற்றிலேயே மாண்டனர். அந்த வளைவின் ஓரத்தே இன்றும் நிற்கத் தோன்றும். காரில் இருப்பவனைக் காக்கவென்று பாதையோரம் நாட்டிய இரும்புத் தடுப்பு, இருசில்லு வண்டியிலிருந்து எறியப்பட்டவனுக்குக் கூற்றாகிவிடுகின்றது. ஒருவனுக்குப் பாதுகாப்பாவது மற்றவனுக்கு ஆபத்தாகலாம் என்னும் பாடம் அது. எங்கள் மாணவர் இருவரையும் நினைத்து அவ்விடத்தில் நெடுநேரம் நின்றேன்.

1978ஆம் ஆண்டின் நிகழ்ச்சி எனக்கு எல்லாவற்றிலும் மேலாகச் சிந்தனை தந்தது. செப்டெம்பர் 10ஆம் தேதி, பின்வரிசைக் கார்கள் முற்றாக நிற்குமுன்னரே புறப்படும் விளக்கு எரிந்தது. கார்கள் நெருக்குண்டு மோதின. சுவீடன் நாட்டு வீரர் றொனி பீற்றர்சனின் கார் தீப்பற்றியது. சக ஓட்டுநர்கள் தீக்குள் புகுந்து அவரை இழுத்தெடுத்தனர். கால்கள் நொறுங்கியிருந்தன. உதவி வருவதற்குப் பல நிமிடங்கள் சென்றன. மறுநாட் காலையில் அவர் வைத்தியசாலையிலே உயிர்நீத்தார். இதன்பின் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, சக ஓட்டுநர்கள் இளைஞரான பத்ரேசே என்பவர்மீது பழியைச் சுமத்தினர். அடுத்த பந்தயத்திலே அவர் ஓடக்கூடாதென்று தடுத்தனர். பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இரண்டாவது, பந்தயங்களுக்குப் பொறுப்பான மருத்துவர் சிட் வொட்கின்ஸ் என்பவர் வேறொரு வினாவைக் கேட்டார்: மருத்துவன் ஏன் நேரத்துக்கு வந்துசேரவில்லை? அடுத்த பந்தயத்திலிருந்தே, முதற் சுற்றிலே மருத்துவர் ஏறிய கார் ஒன்று பந்தயக் கார்களின் பின்னால் ஓடவேண்டும் என்ற வழக்கம் வந்தது. ஹெலிகொப்டரும் ஆயத்தமாக நிறுத்தப்பட்டது.

நேயர்களே, 'யார் குற்றவாளி' என்பது ஒரு வினா. 'ஏன் நிகழ்ந்தது' என்பது மற்றொரு வினா. முதலாவது வினா ஓர் இளைஞரின் மனத்தைப் புண்படுத்தியதோடு முடிந்துபோயிற்று. இரண்டாவது வினாவின் பயனை இன்றும் ஒவ்வொரு பந்தயத்தின் முதற் சுற்றிலும் காணலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, இருபது கார்களின் பின்னால் அந்த மருத்துவக் கார் ஓடியதை நான் கண்ணாரக் கண்டேன். சூழவிருந்தோர் எவரும் அதைக் கவனிக்கவில்லை. கைதட்டவேண்டும் போலிருந்தது எனக்கு.

இன்னும் இரண்டே நிகழ்ச்சிகள். 2000ஆம் ஆண்டு, முதற் சுற்றிலே கார்கள் மோதியபோது பறந்துவந்த சில்லொன்று தாக்கி, பாதையோரம் கடமையில் நின்ற தீயணைப்புத் தொண்டர் பவோலோ ஜிஸ்லிம்பெர்த்தி மாண்டார். கார் உடைந்தாலும் சில்லுகள் பறந்துவிடாதபடி அவற்றைப் பிணைத்துவைக்கும் கயிறுகள் அதன்பின் வலுப்படுத்தப்பட்டன. 2018 முதல் ஓட்டுநரின் தலைக்கு மேலாக வளைந்த உலோகச் சட்டமொன்று கட்டாயமாக்கப்பட்டது. அழகைக் கெடுக்கின்றது என்று பலர் அதனைப் பழித்தனர். 2021 செப்டெம்பர் 12ஆம் தேதி, இதே மொன்சாவில், வெஸ்ராப்பனின் காரின் பின்சில்லு ஹமில்ற்றனின் தலைக்கு நேராக ஏறி நின்றது. அந்தச் சட்டம் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் ஹமில்ற்றன் காரிலிருந்து இறங்கி நடந்துசென்றார். அன்று மொன்சாவின் மரணப் பட்டியலில் ஒரு பெயர் எழுதப்படாமலே விடப்பட்டது. எழுதப்படாத அப்பெயரே அந்த இடத்தின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி என்று நான் கருதுகின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். வெயில் கொளுத்தியது. ஐம்பத்துமூன்று சுற்றுகள், 300 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். போட்டியாளர்களான மக்லாரன் குழுவினர் சில்லுகளின் ரயர்களை இருமுறை மாற்றினர். பெராரி ஓட்டிய மொனாக்கோ நாட்டு இளைஞர் லெக்கிளேர் ஒரே முறை மாற்றி, தேய்ந்த ரயர்களோடு இறுதிவரை தாங்கிநின்று, மூன்று செக்கனுக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். கூட்டத்தின் ஆரவாரத்தில் காரின் ஒலியே அமுங்கிப்போயிற்று. பந்தயம் முடிந்ததும் செந்நிறக் கடல் பாதையிலே பெருகி ஓடியது. என்னருகில் நின்ற இத்தாலியக் கிழவர் ஒருவர், முன்பின் அறியாத என்னைக் கட்டித்தழுவி அழுதார். என் கண்களும் நனைந்திருந்தன என்பதை ஒப்புக்கொள்கின்றேன். வேகத்தை வெறுத்துச் சென்றவன் வேகத்தின் அழகையும் கண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இவர்களுக்குப் பணமும் புகழும் இருக்கின்றன. ஆகவே திருத்தங்களைச் செய்கின்றார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையே. திருத்தங்கள் பிந்தி வந்தன. பணத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடவும் பட்டன என்பதும் உண்மை. வீரர்களின் பெயர்கள் வளைவுகளிலும் நூல்களிலும் நிலைத்திருக்க, 1928இலும் 1961இலும் வேலியோரம் மடிந்த எளிய மனிதர்களின் பெயர்களைப் பெரும்பாலோர் அறியார் என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அவர்கள் தங்கள் பழைய தவறை இடித்து மறைத்துவிடவில்லை. அந்தச் சரிந்த கொங்கிறீற்று மதில் காட்டின் நடுவே இன்றும் நிற்கின்றது. 'நாங்கள் ஒரு காலத்தில் இப்படியும் செய்தோம்' என்று சொல்லிக்கொண்டே நிற்கின்றது. சுவிற்சர்லாந்து கதவை அடைத்தது. அதுவும் ஒரு வழி. மொன்சா கதவைத் திறந்துவைத்து, ஒவ்வொரு மரணத்தின் பின்னும் எதையோ ஒன்றை மாற்றியது. அதுவும் ஒரு வழி. இரண்டிலும் பொதுவாக உள்ளது, நடந்ததை நடந்ததாகவே விட்டுவிடாமை.

நாம் இரண்டையும் செய்யவில்லை. எங்கள் வீதிகளை மூடிவிட இயலாது; அவற்றில் மக்கள் நடமாடியே தீரவேண்டும். ஆனால் ஒரு வளைவிலே ஒருவன் மாண்டால், மறுநாள் அந்த வளைவைப் போய்ப் பார்க்கின்றோமா? விளக்குத் தூணிலே மாலை தொங்கவிடுகின்றோம்; அந்தியேட்டி செய்கின்றோம்; விதி என்கின்றோம். மாலை காய்ந்து உதிர்கின்றது. வளைவு அப்படியே இருக்கின்றது.

ஊர் திரும்பிய அடுத்த நாட் காலை, பாடசாலை தொடங்குமுன்னர், நான் அந்த மதகடிக்குச் சென்றேன். இத்தனை ஆண்டுகளாக அதைக் கடந்துசென்றேனே தவிர, அதன்முன் நின்று பார்த்ததில்லை. இரவிலே வளைவு தெரிவதற்கு ஓர் அடையாளமும் இல்லை. மணல் வீதியில் படிந்திருந்தது. மதகின் சுவர் இடிந்தபடியே கிடந்தது. இருவரும் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்கு நானும் பொறுப்பாளி. பாடசாலை வாயிலில் அவர்கள் வெறுந்தலையோடு வந்து இறங்கியதைப் பலமுறை கண்டும் வாளாவிருந்தேன். இப்பொழுது எங்கள் வாயிலில் அது நடவாது. மதகைப் பற்றி உரியவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதியிருக்கின்றேன், அதற்கும் பதில் வராவிடில் மறுபடியும் எழுதுவேன்.

பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் அந்த வளைவை அளந்து, படம் வரைந்து, எந்தெந்த இடத்தில் எது குறை என்று குறித்துக் கொடுத்தனர். அந்தப் படத்தைக் கடிதத்தோடு இணைத்தேன். படத்தின் மூலையிலே, நான் சொல்லாமலே, மாண்ட இருவரின் பெயர்களையும் அவர்கள் எழுதியிருந்தார்கள்.